ஸ்டிக்கர் இல்லாத நர்சிங் கல்லூரி

கதவில்லாத ஒரு கொட்டகையில், இரவல் வெல்டிங் மிஷின் ஒன்றோடு ஆரம்பித்து, துபாயின் அல் கூஸில் இன்று இருபத்தாறு பேர் வேலை பார்க்கிற பட்டறையைக் கட்டியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கடைப் பலகைகள், மருந்துக்கடைகளின் பச்சைச் சிலுவைகள், ஓட்டல் மொட்டை மாடிகளில் ஆள் உயர எழுத்துகள் எல்லாம் என் கை. ஷார்ஜா போகிற சாலையில் இடப்பக்கம் திரும்பினாலும் என் எழுத்துதான், வலப்பக்கம் திரும்பினாலும் என் எழுத்துதான். அதில் பாதிக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆங்கிலம் வாசிக்க வராது. அரபி சுத்தமாக வராது. ஆனால் எந்த எழுத்தின் வயிறு எவ்வளவு வளைய வேண்டும், புழுதிக்காற்று அடித்தால் எந்த எழுத்தின் கால் முதலில் ஆடும் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் படித்த எஞ்சினியர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

இன்னும் இருக்கிறது. விசாவுக்குப் பொறுப்பேற்ற அரபி, அதாவது முதல் கபீல், கைவிட்டபோது இரண்டாவது கபீலைக் கண்டுபிடித்தேன். கொட்டகைக் கூரை காற்றில் பறந்து பக்கத்து டயர் கடைமேல் விழுந்தபோது, அதே டயர் கடைக்காரரிடம் பலகை ஆர்டர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தொழிலாளர் கேம்ப்பில் தண்ணீர்த் தொட்டிக்கு நான் வைத்த இரும்புத் தாங்கி இன்றும் அசையாமல் நிற்கிறது. அஜ்மானில் மூன்று அறை வீடு. ஜெபல் அலி துறைமுகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு மகன்.

கடைசியாக ஒரு நர்ஸ். ஆமாம், அவளையும் நான்தான் உருவாக்கினேன். வீட்டில் மற்றவர்கள் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் எழுத எனக்கு நன்றாகவே வரும். ஒற்று விட்டுப்போனால் அச்சுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

என் மருமகள் விலங்கியல் படித்தவள். ஊரில் எங்கள் கடற்கரையில்தான் பிறந்தாள். கல்யாணமாகி இங்கே வந்தபின் அஜ்மானில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்தாள். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, அழுகிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று சொல்வது. ஐந்து வருஷம் இதையே சொன்னாள். கதவுக்கு அந்தப் பக்கம் நர்சுகள் ஊசி போடுவதை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பத்தொரு வயதில் ஒருநாள் வந்து, நர்சிங் படிக்கப் போகிறேன் என்றாள்.

"நாலு வருஷமா?" என்றாள் என் மனைவி.

"இல்ல அத்தே. ஏற்கெனவே டிகிரி இருக்கவங்களுக்குத் துரிதப் படிப்பு இருக்கு. பழைய டிகிரில படிச்ச சயின்ஸ் பாடத்தையெல்லாம் கழிச்சிருவாங்க. ஒன்றரை வருஷம்."

கிளினிக்கின் டாக்டரம்மா நல்ல மனுஷி. 'ஒன்றரை வருஷமும் உனக்குச் சாயங்கால டியூட்டி தருகிறேன், ஆனால் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு, அதற்குப் பிறகு அந்த டியூட்டிக்கு வேறு ஆள் எடுத்துவிடுவேன்' என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்த வியாழக்கிழமைக்குள் எந்தக் கல்லூரி என்று முடிவாக வேண்டும். தப்பான கல்லூரியில் சேர்ந்தால் கதை கந்தல். இந்த நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் பட்டியலில் இல்லாத படிப்பை முடித்தவர்கள் இங்கே லைசன்ஸ் பரீட்சைக்கே உட்கார முடியாது. லைசன்ஸ் இல்லையென்றால் மறுபடியும் ரிசப்ஷன், மறுபடியும் 'இன்னும் அஞ்சு நிமிஷம்'.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மூன்று கல்லூரிகளின் புத்தகங்களைப் பரப்பி வைத்தாள். வழவழ தாள். மூன்றிலும் ஒரே பெண் வெள்ளைக் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மீன் குழம்புச் சட்டியை நகர்த்திவிட்டு நான் கேட்டேன்.

"இதுல ஸ்டிக்கர் எங்க இருக்கு?"

"என்ன ஸ்டிக்கர் மாமா?"

விளக்கினேன். என் பட்டறையில் எழுத்துகளை மேலே தூக்க ஒரு கிரேன் லாரி இருக்கிறது. வருஷா வருஷம் வெளியிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்து அதைத் தூக்கிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, சங்கிலியைத் தடவிப் பார்த்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்த ஸ்டிக்கர் இல்லாமல் எந்த சைட்டிலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். அந்த இன்ஸ்பெக்டர் என் ஆளாக இருக்கக்கூடாது, எனக்கு ஆர்டர் கொடுத்தவன் ஆளாகவும் இருக்கக்கூடாது, மூன்றாம் ஆளாக இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

"கம்பெனிக்கு லைசன்ஸ் இருக்குன்னு சொல்லி கிரேனை உள்ள விடமாட்டான் மக்களே. கிரேனுக்குத் தனி ஸ்டிக்கர் வேணும். காலேஜுக்கு லைசன்ஸ் இருக்கலாம். நீ படிக்கப்போற இந்த அவசரப் படிப்புக்குத் தனியா ஸ்டிக்கர் இருக்கா?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வாசகர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மத்தியானம். சொன்னவன் நான்.

இன்னொன்றும் சொன்னேன். அவசர ஆர்டர் வந்தால் நான் ஆளை இரட்டிப்பாக்குவேன், ஷிப்டை இரட்டிப்பாக்குவேன். ஆனால் பெயின்ட் காய்கிற நேரத்தைக் குறைக்க மாட்டேன். குறைத்தால் ஆறே மாதத்தில் எழுத்து தோல் உரியும். "நாலு வருஷத்த ஒன்றரை வருஷமாக்குதானுவன்னா எதைக் குறைக்கானுவன்னு கேளு. ஆஸ்பத்திரில நின்னு பழகுற நேரத்தைக் குறைச்சிருந்தா வேண்டாம்னு சொல்லிட்டு வா."

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவரு காலேஜ அலசுதாரு," என்றாள் என் மனைவி. "அந்த மீனு மேல கொஞ்சம் இரக்கம் காட்டுங்க, ஆறுது."

முதல் கல்லூரியை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனிலேயே முடித்துவிட்டேன். அது ஊரில் இருக்கிற கல்லூரி. பாடம் கம்ப்யூட்டரில் வருமாம், இங்கிருந்தே படிக்கலாமாம். ஏஜென்ட் தமிழன்தான்.

"ஊசி போடுறது எப்படிய்யா கம்ப்யூட்டர்ல?"

"அதுக்குப் பொம்மை வரும் சார். கூரியர்ல. முழு உயரப் பொம்மை. வீட்டுலயே வெச்சுப் பழகிக்கலாம். பரீட்சை அன்னைக்கு வீடியோ எடுத்து அனுப்பினாப் போதும்."

"ஆம்பளப் பொம்மையா, பொம்பளப் பொம்மையா?"

"அதெல்லாம் மாத்திக்கலாம் சார். செட்டா வரும்."

என் வீடு மூன்று அறை. ஒன்றில் நானும் மனைவியும், ஒன்றில் மகனும் மருமகளும், மூன்றாவதில் மாதாவின் படமும் துணி காயப்போடுகிற ஸ்டாண்டும். அந்தப் பொம்மையை எங்கே படுக்கவைப்பது? என் மனைவி போனைப் பிடுங்கி, "மாதா முன்னால துணியில்லாத பொம்மைய நான் படுக்கவைக்க மாட்டேன், வைய்யி போன," என்று முடித்துவிட்டாள். ஒரு கல்லூரியை நிராகரித்ததில் அவளுக்கும் சிறு பங்கு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல.

இரண்டாவது கல்லூரிக்குத் திங்கட்கிழமை காலையில் நேரில் போனோம். அன்றைக்குக் காலையில் மருமகள் ஏதோ தயங்கினாள்.

"மாமா, அமைச்சகத்தோட பட்டியல்ல பாத்தேன். இந்தக் காலேஜ் பேரு இல்ல."

"பட்டியல்னா லேட்டாத்தான் போடுவானுவ. என் பட்டறை பேரே ரெண்டு வருஷம் எந்தப் பட்டியல்லயும் இல்ல. வேலை நடக்கலியா? யல்லா, கிளம்பு."

நான் பட்டறைக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தேன். அதனால் மறுபேச்சில்லாமல் வந்தாள்.

ஐந்து மாடிக் கட்டடம். கார் நிற்கும்போதே பார்த்துவிட்டேன். மூன்றாம் மாடி முகப்பில் ஸ்டீல் எழுத்துகள், பின்னால் வெள்ளை விளக்கு, பக்கத்தில் குத்துவிளக்கு மாதிரி ஒரு சின்னம். என் பட்டறை எழுத்து! பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கண்டதுபோல் இருந்தது. மேலே போனதும் வாசலில் இருந்த சின்னப் பலகையைத் தட்டிப் பார்த்தேன், பாக்கெட்டில் எப்போதும் வைத்திருக்கிற காந்தத்தை ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல ஸ்டீல். உப்புக்காற்றுக்கு அசையாது. ஒரு பலகைக்கே இவ்வளவு நல்ல சரக்கு வாங்கியவர்கள் பாடத்தில் குறைப்பார்களா என்று மருமகளிடம் கேட்டேன். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுன்சிலர் என்று ஒரு பெண் வந்தாள். சென்னைக்காரி.

"வாங்க அங்கிள், வாங்க மேம். நம்ம ப்ரோக்ராம் இன்டர்நேஷனலா அங்கீகாரம் வாங்கினது. இதோ பாருங்க." சுவரில் தங்கச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். ஏதோ உலக கவுன்சிலாம். பூகோளத்தின்மேல் இறக்கை விரித்த பறவை ஒன்று சின்னமாக இருந்தது.

"அமைச்சகத்தோட அங்கீகாரம்?" என்றாள் மருமகள்.

"ப்ராசஸ்ல இருக்கு மேம்."

"ஆஸ்பத்திரி டியூட்டி எத்தனை மணி நேரம்?"

"எல்லாமே இங்கயே சிமுலேஷன் லேப்ல மேம். வாங்க, காட்டறேன்."

லேப் என்பது ஆறு கட்டில் போட்ட அறை. ஆறு மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பொம்மை ஒன்றுதான், அதையும் ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலின் வெல்டிங் எனக்குச் சந்தேகமாக இருந்தது. வெல்டிங்கைப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். படுத்தேன். உடனே ஒரு பெண் வந்து என் கையில் பட்டையைச் சுற்றினாள்.

"நான் சும்மா கட்டில் பாக்கேன் மக்களே."

"அசையாதீங்க அங்கிள், ப்ளீஸ். ரொம்ப நாளாச்சு ஆள் கிடைச்சு."

ஆறு பேரும் வரிசையாக என் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரே கை, ஒரே கட்டில், பத்து நிமிஷம். ஆறு அளவு வந்தது. ஒருத்தர் கணக்கில் நான் மல்யுத்த வீரன், இன்னொருத்தர் கணக்கில் உடனே ஐசியுவில் சேர்க்க வேண்டியவன். அட்டையில் எல்லாவற்றையும் எழுதி என் கால்மாட்டில் தொங்கவிட்டார்கள். நான்காவது ஆள் என் நாக்கையும் பார்த்தான், எதற்கென்று தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அன்றைக்கு வரவில்லை என்று என்னை எழுந்திருக்க விடவும் தயங்கினார்கள். மருமகள் வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

உண்மையைச் சொல்கிறேன். என் பட்டறையில் ஒரு எழுத்தை ஆறு பேர் அளந்து ஆறு அளவு சொன்னால் ஆறு பேரையும் அன்றைக்கே லீவில் அனுப்பிவிடுவேன். அந்த அறையிலேயே எனக்கு உறுத்தியது. ஆனால் வெளியே வந்து வாசல் பலகையில் அந்த எழுத்துகளை மறுபடி பார்த்ததும் உறுத்தல் போய்விட்டது. எழுத்து அப்படி. கவுன்சிலர் ஒரு படிவத்தை நீட்டினாள். 'பாதுகாவலர்' என்று அவள் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

"மாமா, எனக்கு முப்பத்தொண்ணு ஆவுது. பாதுகாவலர் எதுக்கு?"

"இருக்கட்டும் மக்களே. இடம் காலியா கிடந்துச்சு."

கவுன்சிலர் எனக்கு ஒரு தொப்பி கொடுத்தாள். முன்னால் கல்லூரியின் விளக்குச் சின்னம், அதற்குக் கீழே அந்த உலக கவுன்சிலின் பறவை. செவ்வாய்க்கிழமை அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். மகனுக்குப் போன் போட்டு முடிவாகிவிட்டது என்றேன்.

"அப்பா, நீங்க முடிவு பண்ணிட்டியளா, அவ முடிவு பண்ணிட்டாளா?" என்றான்.

"எல்லாம் ஒண்ணுதான்," என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை. என் ஃபோர்மேன் பெஷாவர் பக்கத்து ஆள், என்னோடு பதினெட்டு வருஷமாக இருக்கிறார். நேற்று லட்டைத் தின்றவர் இன்றைக்குத் தொப்பியை உற்றுப் பார்த்தார்.

"பாய், யே தோனோ அப்னா மால் ஹை," என்றார். இரண்டுமே நம் சரக்குதான் என்கிறார்.

"ரெண்டுமா? விளக்கு நம்மோடது. பறவை யாருதோ."

அவர் நேராகப் பின்சுவருக்குப் போனார். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்த ஒவ்வொரு எழுத்துக்கும் சின்னத்துக்கும் ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டுவோம். நான் எந்த அச்சையும் எறிவதில்லை. எல்லாம் அந்தச் சுவரில் தொங்கும். பலகையை எங்கே, எப்படி மாட்ட வேண்டும் என்று ஒவ்வொரு அச்சின் முதுகிலும் நான் தமிழில் பென்சிலால் எழுதி வைப்பேன். ஆங்கிலத்தில் எழுதினால் மற்றவர்களுக்குப் புரியும், எனக்குப் புரியாது.

ஃபோர்மேன் இறக்கிக் கொடுத்தது ஒரே கம்பியால் கட்டிய இரண்டு அச்சுகள். ஒன்று விளக்கு. இன்னொன்று பூகோளத்தின்மேல் இறக்கை விரித்த பறவை. முதுகைத் திருப்பினேன். என் கையெழுத்து. 'மூன்றாம் மாடி. ஒரே கதவு. வெளியே விளக்கு, உள்ளே பறவை. ஒரே டிரிப்பில் கொண்டுபோக வேண்டும்.'

கிரேன் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்குப் பக்கத்திலேயே கிரேனின் ஸ்டிக்கர் தெரிந்தது. கல்லூரியும், அதற்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற கவுன்சிலும் ஒரே கதவுக்குள் இருக்கின்றன. மூன்றாம் ஆளே கிடையாது. கிரேன் முதலாளியே தன் கிரேனுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அந்த ஸ்டிக்கரைச் செய்து கொடுத்தவன் நான். அதை நம்பி மருமகளைக் கொண்டுபோய் நிறுத்தியவனும் நான். நாளைக்கு வியாழக்கிழமை.

தொப்பியைக் கழற்றாமலே காரை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே, தண்ணீர் மிஷினுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் செடியின் மறைவில் பறவைப் பலகை இருந்தது. அதே சென்னைப் பெண்தான் வந்தாள்.

"இந்தக் கவுன்சில்ல யாரும்மா இருக்கா? நான் பாக்கணும்."

"அவங்க ஆபீஸ் நேரம் வேற அங்கிள். மத்தியானத்துக்கு அப்புறம்."

"நேரந்தான் வேறயா, ஆளும் வேறயா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நான்தான் அங்கிள் ரெண்டுக்கும் கோஆர்டினேட்டர்."

"அப்போ காலைல நீ காலேஜு. மத்தியானம் நீயே வந்து காலேஜ இன்ஸ்பெக்ஷன் பண்ணுவ."

"ரிப்போர்ட் மட்டும்தான் அங்கிள் நான் டைப் பண்ணுவேன்."

நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திருப்பி வாங்கினேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன். "கலாஸ், முடிஞ்சுது," என்றேன். கிளம்பும்போது பார்த்தால் பறவைப் பலகையில் இடது ஓரத்து ஸ்க்ரூ தளர்ந்து இறக்கை தொங்கியிருந்தது. பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முறுக்கிவிட்டு வந்தேன். கவுன்சில் போலியாக இருக்கலாம். வேலை என்னுடையது.

வீட்டுக்குப் போனபோது மருமகள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு அச்சுகளையும் மேசையில் போட்டு நடந்ததைச் சொன்னேன். என் கையெழுத்தைக்கூடக் காட்டினேன்.

மருமகள் கைப்பையைக் கீழே வைத்தாள். "மாமா, கோவப்படாதீங்க. நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலமே மூணாவது காலேஜுக்கு எழுதிட்டேன்."

"அப்போ எதுக்கு எங்கூட அங்க வந்த?"

"நீங்க அரைநாள் லீவு போட்டிருந்தியளே."

மூன்றாவது கல்லூரியின் பெயர் பட்டியலில் இருந்தது. ஆனால் நர்சிங் என்று இருந்ததற்கு நேரே நான்கு வருஷப் படிப்பு மட்டும்தான் தெளிவாக இருந்ததாம். எதிரே உட்கார்ந்து அவளே சொன்னாள், மனைவி சாட்சி. "நீங்க சனிக்கிழமை சொன்னியள்லா, கம்பெனிக்கு லைசன்ஸ் இருந்தாலும் கிரேனுக்குத் தனி ஸ்டிக்கர் வேணும்னு. அதத்தான் மாமா கேட்டேன். இந்தத் துரிதப் படிப்புக்குத் தனியா அங்கீகாரம் இருக்கா, ஆஸ்பத்திரி நேரத்தைக் குறைச்சிருக்கியளான்னு. முதல்ல போன்ல ஆமா, ஆமான்னாங்க. எழுத்துல குடுங்கன்னேன். இன்னைக்கு வந்திருச்சு."

போனில் ஒரு கடிதத்தைக் காட்டி வாசித்துச் சொன்னாள். படிப்பின் பெயர் தனியாக, அங்கீகாரம் தனியாக இருந்தது. ஆஸ்பத்திரி நேரம் நான்கு வருஷக்காரர்களுக்கு எவ்வளவோ அவ்வளவேதான். குறைத்தது பழைய டிகிரியில் படித்த பாடங்களை மட்டும். அதை அமைச்சகத்தின் பக்கத்திலும் சரிபார்த்துவிட்டாளாம்.

"பெயின்ட் காயவிடுதான்," என்றேன்.

"ஆமா மாமா. காயவிடுதாங்க."

என் மனைவி வெங்காயக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சேருங்க, அப்போ அந்த லட்டு எதுக்கு?" என்றாள். லட்டு எந்தக் கல்லூரிக்கு என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் சரி சொன்னாள். ஒன்றரை வருஷம் காலையில் ஷார்ஜா பஸ், பகலில் வகுப்பும் ஆஸ்பத்திரியும், சாயங்காலம் கிளினிக். கண்ணுக்குக் கீழே கருத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் முதல்முறை ஒரு ஆளுக்கு ஊசி போட்ட அன்று எனக்குப் போன் போட்டு, "மாமா, நிஜ ஆளு!" என்று கத்தினாள். படித்து முடித்து, லைசன்ஸ் பரீட்சைக்கு உட்கார்ந்து, பாஸ் பண்ணினாள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாள். என் ரத்த அழுத்தத்தை எத்தனை முறை பார்த்தாலும் ஒரே அளவுதான் சொல்கிறாள்.

எல்லாம் சரி. என் வழக்கு என்னவென்றால், கோயில் ஹாலில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து அவளுக்குச் சால்வை போட்டார்கள். அவளை நன்றி சொல்லச் சொன்னார்கள். ஆண்டவருக்குச் சொன்னாள். புருஷனுக்குச் சொன்னாள், அவன் செய்தது போனில் ஒரே ஒரு கேள்வி. அத்தைக்குச் சொன்னாள். டாக்டரம்மாவுக்குச் சொன்னாள். ஷார்ஜா பஸ் டிரைவருக்குக்கூடச் சொன்னாள், இரண்டு நாள் அவளுக்காக நிறுத்திக் காத்திருந்தாராம். பிறகு மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். முதல் வரிசையில் நான் எழுந்து நிற்பதற்குத் தயாராகக் கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கேட்டதற்கு, "அழுகை வந்திரும் மாமா, அதான் விட்டுட்டேன்," என்றாள். அழுதால் என்ன? பஸ் டிரைவருக்கு அழுகை வரவில்லையா?

தவறான கல்லூரிக்கும் அவளைக் கூட்டிப்போனவன் நான்தானே என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்கிறாள். ஆமாம், கூட்டிப்போனேன். அது ஏன் தவறு என்று கையில் அச்சோடு கண்டுபிடித்தது யார்? பட்டியலில் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஏன் இல்லை என்று நான்தான் சொன்னேன். மூன்றாவது கல்லூரியிடம் கேட்ட இரண்டு கேள்வியும் யாருடைய மீன் குழம்புத் தட்டிலிருந்து வந்தவை?

அவளுடைய டிகிரி இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. அந்தச் சட்டம் என் பட்டறையில் செய்தது. நல்ல ஸ்டீல், காந்தம் ஒட்டாது. நான்கு பக்கமும் ஒரே அகலம் வைக்காமல் கீழே மட்டும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறேன். மாட்டிய நாளிலிருந்து வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த இடத்துக்குரிய எழுத்துகளையும் வெட்டி, மெருகேற்றி, பட்டுத்துணியில் சுற்றி மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். 'ஸ்டிக்கர் பார்த்தவர்: மாமனார்.' அவ்வளவுதான். என் பெயர்கூட வேண்டாம்.

ஆனால் அதை நான் ஒட்ட மாட்டேன். நானே ஒட்டிக்கொண்டால் அந்தப் பறவைக் கவுன்சிலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவள் கையால் ஒட்ட வேண்டும். பசையும் பக்கத்திலேயே இருக்கிறது. இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவள் ஆஸ்பத்திரிக்குப் போனால், ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்னால் கேளுங்கள், ஒட்டியாகிவிட்டதா என்று.